மோன்டெஃபால்கோ நாட்குறிப்பு: துவர்ப்பின் ஊரில் ஒரு வாரம்

ஞாயிறு

மோன்டெஃபால்கோவுக்கு ரயில் கிடையாது. ரோமிலிருந்து ஃபோலின்யோ வரை ரயிலில் வந்து, அங்கே வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டோம். சமவெளி முடிந்ததும் சாலை மேலேறுகிறது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, மறுபடி திராட்சை. அக்டோபர் கடைசி என்பதால் பழம் பறித்து முடித்துவிட்டார்கள். ஆனால் சாக்ரன்டினோ என்ற இந்த ஊர்த் திராட்சைக் கொடியின் இலைகள் இப்போதுதான் சிவக்கின்றன. சரிவு சரிவாகச் செம்மை.

ஊர் சுமார் 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டைச் சுவரோரம் நின்றால் அசீசி, ஸ்பெல்லோ, ட்ரெவி எல்லாம் எதிரே மலைகளில் ஒட்டிவைத்தாற்போல் தெரிகின்றன. உம்ப்ரியா என்கிற இந்த மாநிலத்தின் பால்கனி என்று இந்த ஊருக்குப் பட்டப்பெயர்.

வந்தது சாக்ரன்டினோவுக்காக. இத்தாலியில் துவர்ப்பான சிவப்பு ஒயின் எது என்றால் எல்லோரும் பரோலோ என்பார்கள். பரோலோ குடித்துப் பழகியவர்களும் சாக்ரன்டினோ முன்னால் கொஞ்சம் தயங்குவார்கள். ஒயின் திராட்சைகளில், துவர்ப்பும் கசப்பும் தருகிற பாலிஃபீனால் மிக அதிகமாக உள்ளவற்றில் இது ஒன்று. இந்த ஊர்ப் பெயரைப் போட்டு விற்க வேண்டுமென்றால், பழம் மோன்டெஃபால்கோவிலோ, பெவான்யா, குவால்தோ கத்தானேயோ, காஸ்டெல் ரிடால்டி, ஜானோ ஆகிய ஊர்களின் குறிப்பிட்ட பகுதிகளிலோ விளைந்திருக்க வேண்டும். மொத்தமே அவ்வளவு நிலம்தான்.

சாயங்காலம் சதுக்கத்துக் கடையில் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கினோம். முதலில் கறுத்த பழ வாசம், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் ஈர மண். விழுங்கி இரண்டு விநாடி கழித்து வாய் இறுகுகிறது. கொட்டைப்பாக்கை மென்றால் ஈறும் உதட்டின் உட்புறமும் உலர்ந்து பிடித்துக்கொள்ளுமே, அதே பிடிப்பு. ஆச்சரியமில்லை, பாக்கில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே குடும்பத்து டானின், அதாவது துவர்ப்புப் பொருள்.

“இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?” என்றார் என்னவர்.

நாங்கள் கேட்காமலே கடைக்காரர் ஒரு தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். பெக்கொரினோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸ் பெரிய துண்டுகளாக. பக்கத்தில் மெல்லிசாகச் சீவிய பன்றித் தொடை. என்னவர் சைவம், சீஸை எடுத்தார். நான் இரண்டையும் எடுத்தேன். அடுத்த மிடறில் அந்த இறுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. அதுவரை ஒளிந்திருந்த பழச்சுவை முன்னால் வந்தது. “இப்ப பரவாயில்லையே” என்று அவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற கூத்துதான் போலிருக்கிறது.

திங்கள்

காலையில் ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தோட்டம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் மகனோடு சேர்ந்து நடத்துகிறார். அவர் எங்களை முதலில் கூட்டிப்போனது பீப்பாய்கள் இருக்கும் நிலவறைக்கு அல்ல, மேல்மாடிக்கு. அங்கே தட்டிகளின் மேல் திராட்சைக் கொத்துகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. அழுகினது தெரிந்தால் உடனே பொறுக்கிப் போட வேண்டும். குறைந்தது 60 நாள் இப்படிக் கிடந்து நீர் வற்றி, சர்க்கரை ஏறிய பிறகு பிழிவார்கள். அதுதான் பாஸ்ஸிட்டோ, இனிப்பு ஒயின்.

“இதுதான் அசல் சாக்ரன்டினோ. கீழே இருப்பது பேரப்பிள்ளை” என்றார்.

உண்மைதான். நூற்றாண்டுகளாக இந்த ஊர் இந்தத் திராட்சையில் இனிப்பு ஒயின்தான் செய்தது. பண்டிகைக்கு, பூசைக்கு, வீட்டுக்கு. ஊர் மதிலுக்குள்ளேயே வீட்டுத் தோட்டங்களில் ஒன்றிரண்டு கொடி வைத்திருந்தார்கள். சில முதிய கொடிகள் இன்றும் இருக்கின்றன. 1960-களில் ஆட்கள் நகரங்களுக்குப் போக, கொடி கிட்டத்தட்ட அழிந்தேவிட்டது. இனிப்பில்லாத ‘செக்கோ’ வகையைச் சிலர் 1970-களில்தான் செய்து பார்த்தார்கள். துணி வியாபாரியான அர்னால்டோ காப்ராய் 1971-ல் இங்கே நிலம் வாங்கினார். 1980-களின் கடைசியில் அவர் மகன் மார்க்கோ பொறுப்பேற்று, மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து எந்தக் கொடியை வைப்பது, எப்படிக் கவாத்து செய்வது என்று வருடக்கணக்கில் சோதித்தார். 1979-ல் மோன்டெஃபால்கோ ஒயினுக்கு அரசு அங்கீகாரம். 1992-ல் சாக்ரன்டினோவுக்கு அதைவிட உயர்ந்த, நாட்டிலேயே மேல்நிலையான அங்கீகாரம். ஆக, ‘பழம்பெரும் இத்தாலியப் பாரம்பரியம்’ என்று நமக்கு விற்கப்படும் இந்த செக்கோவுக்கு வயது ஐம்பது சொச்சம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் முரட்டுத்தனம் இதை வைத்துப் பார்த்தால் புரிகிறது: சர்க்கரைக்குப் பின்னால் மறைந்திருந்த துவர்ப்பை, சர்க்கரையை எடுத்துவிட்டு அப்படியே வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

சட்டம் அதற்காகவே காத்திருக்கச் சொல்கிறது. விற்பனைக்கு வரும் முன் 37 மாதம் பக்குவப்பட வேண்டும், அதில் குறைந்தது 12 மாதம் மரப்பீப்பாயில். சிலர் சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள் வைத்திருக்கிறார்கள். இந்த அம்மா ஆள் உயரப் பழைய பீப்பாய்கள்தான் வைத்திருக்கிறார். ஏற்கெனவே தோலிலும் விதையிலும் இவ்வளவு டானின் இருக்கும்போது புது மரத்திலிருந்து இன்னும் எதற்கு என்பது அவர் கட்சி. குடித்துப் பார்த்தபின் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மூன்று வருடத்து ஒயின்களை வரிசையாக ஊற்றினார். இளையது மை மாதிரி கறுப்பு, வாயைப் பிடித்து உலுக்கியது. நடுவிலது கொஞ்சம் பேச்சுக்கு வந்தது. பத்து வருடம் தாண்டிய மூன்றாவதில் நிறம் செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. துவர்ப்பு போகவில்லை, ஆனால் பொடிந்து மெல்லியதாகியிருந்தது. காய்ந்த அத்தி, தோல், புகையிலை என்று வாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றும் 14.5, 15 சதவீத ஆல்கஹால். கார் ஓட்ட வேண்டிய என்னவர் எல்லாவற்றையும் துப்பினார். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது.

துப்பினாலும் துவர்ப்பு போகாது என்பதை அவர் கண்டுபிடித்தார். எச்சிலில் இருக்கும் புரதங்களோடு டானின் ஒட்டிக்கொண்டு திரிந்துவிடுகிறது. வாயின் வழுவழுப்பே அந்தப் புரதத்தால்தான்; அது போனதும் நாக்கு சொரசொரவென்றாகிறது. அடுத்தடுத்து மிடறு வைக்க வைக்க இது கூடிக்கொண்டே போகும். இடையில் கறியோ சீஸோ போனால், டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைக்கிறது. கொழுப்பு வாயில் படலம் போடுகிறது. உப்பும் தன் பங்குக்குக் கடுப்பைக் குறைக்கிறது. எனவே இந்த ஒயினைத் தனியாக ருசி பார்த்து மதிப்பெண் போடுவது எனக்குப் பாதி வேலையாகத்தான் படுகிறது. மற்ற பாதி தட்டில் இருக்கிறது.

மதியம் அதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக்கடையில் சாக்ரன்டினோ ஊற்றி மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டுக் கன்னக்கறி. அந்தத் தசையில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். நீண்ட நேரம் மெல்லிய தீயில் வெந்ததும் அது ஜெலட்டினாகக் கரைந்து, குழம்பு உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வருகிறது. ஒயின் செய்கிறவர்கள் துவர்ப்பு மிஞ்சிப்போனால் பீப்பாயில் கலப்பதும் ஜெலட்டின் அல்லது முட்டை வெள்ளைக்கருதான். டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். அங்கே பீப்பாயில் நடப்பது இங்கே என் வாயில் நடந்தது. இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினேன்.

இதைச் சொன்னதும் என்னவர் முகம் மாறியது. “அப்ப ஒயினே சைவம் இல்லையா?” சிலது இல்லை. காலையில் பார்த்த தோட்டத்தில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை, காலமே தெளியவைக்கும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார் என்பதை ஞாபகப்படுத்தினேன். அவர் நொக்கியை, அதாவது உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை, அதே ஒயின் வற்றவிட்ட சாற்றில் சாப்பிட்டார். ஊதா நிறத்தில் தட்டு. பார்க்க அழகாக இருக்காது. மேலே துருவிய சீஸ் தாராளமாக விழுந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

செவ்வாய்

மழை. மியூசியம். பழைய பிரான்சிஸ்கன் தேவாலயம்தான் இப்போது மியூசியம். உள்ளே பெனோட்ஸோ கோட்ஸோலி 1452-ல் முடித்த சுவரோவியங்கள், அசீசியின் புனித பிரான்சிஸின் வாழ்க்கை. ஒரு காட்சியில் பறவைகளுக்கு உபதேசம் செய்கிறார். பின்னணியில் இந்த ஊரே வரையப்பட்டிருக்கிறது. கீழே துறவிகளின் பழைய ஒயின் நிலவறையையும் காட்டுகிறார்கள். மேலே துறவு, கீழே தொட்டி.

ராத்திரி ஸ்ட்ராங்கோட்ஸி. முட்டையில்லாமல் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் செய்த நீளப் பாஸ்தா. அதன்மேல் கறுப்பு ட்ரஃபிள், மண்ணுக்கடியில் விளைகிற வாசக் காளான். பேர்போன குளிர்கால ட்ரஃபிள் இன்னும் வரவில்லை. இப்போது கிடைப்பது வாசம் குறைந்த இலையுதிர்கால வகை. சைவக்காரர்கள் கவனிக்க: உம்ப்ரியாவில் ட்ரஃபிளைப் பூண்டோடும் ஒலிவ எண்ணெயோடும் இடிக்கும்போது நெத்திலி வகைக் கருவாடும் ஒன்றிரண்டு சேர்ப்பது வழக்கம். முன்கூட்டியே சொன்னால் விட்டுவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்கள் எல்லா மேசையிலும் இதற்கு சாக்ரன்டினோவைத்தான் கேட்டார்கள். எனக்கு இது பொருந்தாத கல்யாணம். ட்ரஃபிளின் பலமெல்லாம் வாசம்தான். சாக்ரன்டினோ வாயில் போனால் அது இருந்த இடம் தெரியாது. பரிமாறிய பெண்ணும் அதையே நினைத்திருக்க வேண்டும். விலை குறைந்த மோன்டெஃபால்கோ ரோஸ்ஸோவைக் காட்டினார். பெரும்பகுதி சான்ஜொவேஸே என்ற வேறொரு திராட்சை, கொஞ்சம் சாக்ரன்டினோ கலந்தது. இந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் குடிப்பது அதுதான். ட்ரஃபிள் பிழைத்தது.

புதன்

நோர்ச்சா. மலைகளுக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டம். 2016 அக்டோபர் 30-ல் வந்த பூகம்பத்தில் இந்த ஊரின் புனித பெனடிக்ட் தேவாலயம் இடிந்து, முகப்புச் சுவர் மட்டும் நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊர் அதிலிருந்து எழுந்துவந்த அடையாளம் எங்கும் தெரிகிறது. அதைப் பற்றி எழுத ஒரு நாள் பார்வை போதாது, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

பன்றிக்கறியைப் பதப்படுத்துவதில் இத்தாலி முழுக்க நோர்ச்சாவுக்குப் பேர். ரோமில்கூட அந்த மாதிரிக் கடைகளுக்கு ‘நோர்ச்சினெரியா’ என்றுதான் பெயர். கடைவாசலில் காட்டுப்பன்றித் தலையைப் பாடம்பண்ணி மாட்டியிருக்கிறார்கள். என்னவர் தெருவின் நடுவிலேயே நடந்தார்.

இங்கேயிருந்து மேலே, சுமார் 1450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காஸ்டெல்லூச்சோ. அதன் கீழ்ச் சமவெளியில் விளைகிற பருப்பு மிகச் சிறியது, தோல் மெல்லியது, ஊறவைக்க வேண்டாம். பூண்டு, செலரி, ஒலிவ எண்ணெய் போட்டு வேகவைத்து, பன்றிக்கறி சாசேஜோடு தட்டில் வைக்கிறார்கள். இந்த வாரத்தில் நான் சாப்பிட்டதில் சாக்ரன்டினோவுக்கு மிகச் சரியாகப் பொருந்தியது இதுதான். ட்ரஃபிளோ கன்னக்கறியோ அல்ல; சாசேஜும் பருப்பும். சாசேஜின் கொழுப்பும் உப்பும் ஒயினை அடக்குகின்றன, மண் வாசமுள்ள பருப்பு அதற்குப் படுக்கை போடுகிறது. ஒயினும் பதிலுக்குக் கொழுப்பின் திகட்டலைத் துடைத்துவிடுகிறது.

சைவத் தட்டில் சாசேஜ் இல்லாத பருப்பு மட்டும் வந்தபோது கதை வேறு. பருப்பில் புரதம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தோம். போதவில்லை; பருப்பின் தோலிலும் டானின் உண்டு என்பதால் வாய் இன்னும் உலர்ந்தது. பச்சை ஒலிவ எண்ணெயை மேலே தாராளமாக ஊற்றி, முற்றிய பெக்கொரினோவைச் சீவிப் போட்டதும் நிலைமை திரும்பியது. மாமிசம் சாப்பிடாதவர்கள் சாக்ரன்டினோவை ஒதுக்க வேண்டியதில்லை. கொழுப்பும் உப்பும் எங்கிருந்து வரப்போகிறது என்று யோசித்துவிட்டு ஊற்றினால் போதும். தணலில் சுட்ட பெரிய காளான், கத்தரிக்காயைச் சீஸ் அடுக்கிச் சுட்டது, இவையும் தாங்கும். பெக்கொரினோவைப் பொதுவாகக் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியில்தான் உறையவைக்கிறார்கள் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

ரொட்டி உதவாது. உம்ப்ரிய ரொட்டியில் உப்பே கிடையாது. 1540-ல் போப் மூன்றாம் பால் உப்புவரியை ஏற்ற, உம்ப்ரியாவின் தலைநகரான பெருஜியா எதிர்த்து நின்று தோற்றது. அந்தக் கோபத்தில்தான் உப்பில்லாமல் சுடத் தொடங்கினார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். போர் நடந்தது நிஜம். ரொட்டிக் கதை பின்னால் ஒட்டவைத்தது என்று தோன்றுகிறது. எப்படியானாலும் உப்பு தூக்கலான தொடைக்கறிக்கு அந்தச் சப்பை ரொட்டிதான் சரி.

அறைக்குத் திரும்பியதும் பெட்டியிலிருந்த பூண்டு ஊறுகாயைத் திறந்தார் என்னவர். கூடவே ஒரு மிடறு சாக்ரன்டினோ. “ஐயோ!” மிளகாயின் எரிச்சலை 15 சதவீத ஆல்கஹால் ஊதிவிடும், துவர்ப்பும் கூடச் சேர்ந்து குத்தும். நம் காரக்குழம்பு, மிளகாய் தூக்கலான சுக்கா எதற்கும் இது ஆகாது. அதற்கெல்லாம் மோர்தான்.

வியாழன்

பெவான்யா போகிற வழியில் காஸ்டெல்புவோனோ. ட்ரென்டோவில் ஃபெர்ராரி நுரை ஒயின் செய்கிற லுனெல்லி குடும்பத்தின் தோட்டம் இது. சிற்பி அர்னால்டோ பொமொடோரோ வடிவமைத்து 2012-ல் திறந்த ஒயின்கூடம், ஆமை ஓடு மாதிரி செம்புக் கூரையோடு மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சிற்பத்துக்குள்ளே நின்று ஒயின் குடிக்கலாம். ஒயினைவிடக் கூரைதான் எனக்கு ஞாபகம் நிற்கிறது.

ராத்திரி ஆட்டுக்குட்டிக் கறி. சின்ன விலா எலும்புத் துண்டுகளை ரோஸ்மேரி தடவித் தணலில் சுட்டு, விரல் சுடச்சுடக் கையால் எடுத்துத் தின்ன வேண்டும். ‘ஸ்கொட்டாதிட்டோ’. செக்கோவோடு அது பொருந்தும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் திங்களன்று அந்தத் தோட்டத்து அம்மா வேறொன்று சொல்லியிருந்தார்: தன் சின்ன வயதில் ஈஸ்டர் நாளில் ஆட்டுக்கறியோடு மேசைக்கு வந்தது பாஸ்ஸிட்டோதான். இனிப்பு ஒயினைக் கறியோடா என்று எனக்கும் இருந்தது. அரை பாட்டில் வாங்கினோம்.

இது சாதாரண இனிப்பு ஒயின் இல்லை. பிளாக்பெர்ரி ஜாம் மாதிரி தொடங்கி, இனிப்பு நாக்கில் பரவும்போதே பின்னாலிருந்து துவர்ப்பு வந்து அதைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. திகட்டவே இல்லை. கருகிய ஓரம், கொழுப்பு, உப்பு, அதன்மேல் இந்த இனிப்பும் துவர்ப்பும். செக்கோ கறியோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறது. பாஸ்ஸிட்டோவுக்கு மல்லுக்கட்டே தேவைப்படவில்லை. மேல்மாடியில் காய்வதுதான் அசல் என்று அந்த அம்மா சொன்னது பெருமைக்காக இல்லை.

மிச்சத்தை ரொச்சாட்டாவோடு முடித்தோம்: ஆப்பிள், வால்நட், உலர்திராட்சை வைத்து மெல்லிய மாவில் பாம்புபோலச் சுருட்டிச் சுடுகிற பலகாரம். கல்லறைத் திருநாள் நெருங்குவதால் எல்லாப் பேக்கரிகளிலும் இருக்கிறது. இரண்டு இனிப்பு சேர்ந்தால் ஒன்று தோற்கும். இங்கே தோற்றது ரொச்சாட்டா. இன்னும் கசப்பான கறுப்புச் சாக்லேட் இருந்திருந்தால் சமமாக நின்றிருக்கும்.

வெள்ளி

காலையில் ட்ரெவி. ஒலிவம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்; மரத்தடியில் வலை விரித்திருக்கிறது. மொராயோலோ என்ற வகைக் காயிலிருந்து பிழிந்த புது எண்ணெய் தொண்டையில் சுள்ளென்று ஏறுகிறது. அந்தக் காரமும் பாலிஃபீனால்தான். ஒரு டின் வாங்கியாயிற்று.

இனி பெட்டி கட்ட வேண்டும். இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம். இருவருக்கும் சேர்த்து நான்கு. சாதாரண பாட்டில் 750 மில்லி, பாஸ்ஸிட்டோ 375. நான்கு பெரியதும் இரண்டு சின்னதும் என்று கணக்குப் போட்டோம். இரண்டு ரோஸ்ஸோ, இரண்டு செக்கோ, இரண்டு பாஸ்ஸிட்டோ. எல்லாம் செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவில்.

“ரோஸ்ஸோ எதுக்கு? சாக்ரன்டினோவே நாலா எடுத்துக்கலாமே” என்றார், ஞாயிற்றுக்கிழமை முகத்தைச் சுளித்த அதே மனிதர். சென்னை வீட்டு அலமாரியில் செக்கோவை வைத்தால் ஒரு கோடையிலேயே வெந்துபோகும். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு காலியாக வேண்டும், பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், குறைந்தது ஐந்து வருடம் தொடக்கூடாது. நான்கு பாட்டிலுக்கு அந்த இடமும் இல்லை, எங்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. ரோஸ்ஸோவைப் போனதுமே திறக்கலாம்: அவருக்குப் பனீரை வெண்ணெயில் வறுத்து, எனக்கு மிளகாய் போடாமல் மிளகு மட்டும் போட்ட மட்டன் வறுவல். மிளகு இந்த ஒயினோடு சண்டை போடாது, மிளகாய்தான் ஆகாது. பருப்பும் ஒரு கிலோ வாங்கியிருக்கிறோம். சாசேஜை மட்டும் சுங்கத்தில் விடமாட்டார்கள்.